டங்ஸ்டன் குளிரில் ஆவியாகுமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பேச்சுவாக்கில், "சூடாக்காமலே, வெறும் மின்புலத்தை வைத்து ஒரு உலோகத்தை அணு அணுவாக ஆவியாக்கலாம்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி "எப்படி?" என்கின்றன, மீதி "கதை விடாதீர்கள்" என்கின்றன. சரி, மற்ற கேள்விகள் அடுத்த மாதம் வரை காத்திருக்கட்டும், இந்தத் தடவை இது ஒன்றுதான்.

கேள்வி: ஐயா, நான் டர்பன் துறைமுகப் பக்கத்துப் பட்டறைகளில் நாற்பது வருஷம் வெல்டிங் வேலை பார்த்தவன். டிக் வெல்டிங்கில், அதாவது மின்சார ஆர்க்கின் (மின்பொறியின்) சூட்டில் உலோகத்தை உருக்கி ஒட்டும் வேலையில், கையில் பிடிப்பது டங்ஸ்டன் குச்சி. இரும்பு தண்ணீராய் ஓடும், டங்ஸ்டன் அசையாது. அதைப் போய் மைனஸ் இருநூறு டிகிரிக் குளிரில் ஆவியாக்குவார்கள் என்று யுனிவர்சிட்டியில் படிக்கும் என் பேத்தியும் சொல்கிறாள், நீங்களும் எழுதுகிறீர்கள். எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். – மெரிபேங்க் வாசகர்

பதில்: நியாயம் பேத்தி பக்கம்தான் ஐயா. ஆனால் "ஆவி" என்ற சொல் உங்களுக்கு உடனே அடுப்பையும் கொதியையும் நினைவுபடுத்திவிடுகிறது, அதில்தான் குழப்பம். டங்ஸ்டன் உருகுவதற்கு 3,422 டிகிரி வேண்டும், கொதிப்பதற்கு 5,500 டிகிரிக்கும் மேலே போக வேண்டும், இது நீங்கள் கையால் உணர்ந்த உண்மை. சூட்டினால் ஆவியாகும்போது நடப்பது என்ன? அணுக்கள் அதிர அதிர, எப்போதாவது ஒன்று பக்கத்து அணுக்களின் பிடியை உதறிக்கொண்டு கிளம்பும். இங்கே யாரும் உலுக்குவதில்லை. ஒவ்வொரு அணுவாகப் பிடித்து இழுக்கிறோம், அவ்வளவுதான்.

பிடித்து இழுக்க வேண்டுமானால் ஒரு கைப்பிடி வேண்டும் அல்லவா? சாதாரண அணுவில் பிளஸும் மைனஸும் சரிக்குச் சரியாக இருப்பதால் மின்புலத்துக்கு அதில் பிடி கிடைக்காது. ஆகவே டங்ஸ்டன் முனைக்கு பிளஸ் வோல்ட்டேஜ் கொடுக்கிறார்கள். உலோகத்துக்குள் தன்னிஷ்டத்துக்கு ஓடித் திரியும் எலக்ட்ரான்கள் கொஞ்சம் உள்பக்கமாக ஒதுங்கும். மேற்பரப்பில் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் அணு, போர்வை விலகிய பிள்ளை மாதிரி, பாதி வெளியே தெரியும், அதாவது கொஞ்சம் பிளஸ்ஸாக இருக்கும். அதுதான் கைப்பிடி. வோல்ட்டேஜை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அந்த அணுவுக்கு உள்ளே அணுவாக இருப்பதைவிட வெளியே அயனியாக, அதாவது எலக்ட்ரானை இழந்து முழுக்க பிளஸ்ஸான அணுவாக, இருப்பது லாபம் என்று ஆகிவிடுகிறது. டங்ஸ்டனுக்கு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கிளம்புவதுதான் மலிவான வழி என்று கணக்கு சொல்கிறது. கிளம்பிய பிறகும், முனைக்கு மிக அருகில் இருக்கும்போதே, பெரும்பாலும் இன்னொரு எலக்ட்ரானையும் பறிகொடுத்துவிடும், அதனால் எதிரே வைத்த கருவியில் வந்து விழுபவற்றில் நிறையவும் மூன்று எலக்ட்ரான் இழந்தவை.

எவ்வளவு மின்புலம் வேண்டும்? டங்ஸ்டனுக்கு ஒரு நானோமீட்டருக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு, சுமார் 57 வோல்ட். கேட்டால் சின்ன எண் மாதிரி இருக்கும். ஒரு டங்ஸ்டன் அணுவின் அகலம் 0.27 நானோமீட்டர் சொச்சம், ஆக ஓர் அணுவின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடையில் 15 வோல்ட். உங்கள் டிக் ஆர்க்கிலும் கிட்டத்தட்ட 10, 15 வோல்ட்தான் இருக்கும், ஆனால் அது குச்சிக்கும் தகட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குப் பரவிக் கிடக்கும். அதே வோல்ட்டேஜை ஓர் அணுவின் அகலத்துக்குள் மடித்துத் திணித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

திணிக்கிற வழி கூர்மைதான். முனை எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு மின்புலம் அங்கே குவியும். தோராயக் கணக்கு: வோல்ட்டேஜை முனையின் ஆரத்தைப் போல நான்கு மடங்கால் வகுத்தால் மின்புலம். நீங்கள் கிரைண்டரில் தேய்த்த குச்சியின் முனை ஆரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 57-ஐத் தொடுவதற்கு இரண்டு கோடி வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அதற்கு எங்கே போவது? முனை ஆரத்தை 50 நானோமீட்டராகக் குறைத்துவிட்டால் பதினோராயிரம் வோல்ட் சொச்சத்தில் காரியம் முடிந்துவிடும். 50 நானோமீட்டர் கிரைண்டரில் வராது. மெல்லிய டங்ஸ்டன் கம்பியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் தொங்கவிட்டு, சில வோல்ட் மின்சாரம் பாய்ச்சுவார்கள். கம்பி ஓரிடத்தில் கரைந்து கரைந்து இளைத்து, கடைசியில் அடித்துண்டின் கனமே அதை அறுத்துவிடும். அறுந்த இடத்தில் கிடைப்பதுதான் முனை.

அதற்குப் பிறகு நடப்பது உங்களைப் போன்ற கைவேலைக்காரருக்குத்தான் ரொம்பப் பிடிக்கும். கரைசலிலிருந்து வந்த முனை பார்க்க மழமழவென்று இருந்தாலும் அணு அளவில் கரடுமுரடுதான். துருத்திக்கொண்டிருக்கும் அணுவின் மேல் மின்புலம் அதிகம், அதனால் அதுதான் முதலில் போகும். அது போனதும் அடுத்துத் துருத்துவது. இப்படியே மேடெல்லாம் தானாகத் தேய்ந்து, அணுக்களைப் படிப்படியாக அடுக்கிக் கட்டிய ஓர் அரைக்கோளமாக முனை மாறிவிடும். கல் வேண்டாம், தேய்க்கிற கை வேண்டாம். மார்க்கெட்டில் ஆரஞ்சுப் பழத்தைக் கூம்பாக அடுக்கி வைத்திருப்பார்களே, விளிம்புப் பழத்தை எடுப்பது சுலபம், நடுவில் இருப்பதை எடுக்க முடியாது, அது மாதிரி ஒவ்வொரு படியும் ஓரத்திலிருந்துதான் உள்நோக்கிச் சுருங்கும். அணுக்கள் போகப் போக முனை கொஞ்சம் மழுங்குவதால் வோல்ட்டேஜையும் மெல்ல ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.

அப்புறம் ஏன் அந்தக் குளிர்? இழுப்பதற்குக் குளிர் தேவையே இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் சூடு இருந்தால் சற்றுக் குறைந்த மின்புலத்திலேயே அணு கிளம்பிவிடும். உறைந்த முனையிலும் அணு ஒரு நொடிக்குப் பல லட்சம் கோடி முறை அதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது, ஒவ்வோர் அதிர்விலும் ஒரு தடவை கதவைத் தட்டிப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிரூட்டுவது அணுக்கள் மேற்பரப்பில் அங்குமிங்கும் நகராமல் தன் இடத்திலேயே இருக்கட்டும் என்பதற்காக. எந்த இடத்தில் எது இருந்தது என்று பார்ப்பதுதானே இந்த வேலையின் நோக்கம்.

இன்னொன்று, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்: டிக்கில் டிசி போட்டால் குச்சி மைனஸில் இருக்க வேண்டும், மாற்றி மாட்டினால் முனை உருகி உருண்டையாகிவிடும். இங்கே முனை பிளஸ்ஸில்தான் இருக்க வேண்டும். மைனஸில் மாட்டினால், மேலே சொன்ன மின்புலத்தில் பத்தில் ஒரு பங்கு வருவதற்குள்ளேயே எலக்ட்ரான்கள் கொட்ட ஆரம்பித்துவிடும், அணு ஒன்று கிளம்புவதற்கு முன்னால் முனையே ஆர்க் அடித்துக் கருகிப்போகும்.

அந்த மின்புலம் முனையை வெளிப்பக்கமாக இழுக்கிற இழுப்பையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 145 டன் வருகிறது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் இருந்தாலும் முனை பட்டென்று போய்விடும். பேத்தியிடம் கேளுங்கள், இந்த வருஷம் எத்தனை முனை உடைந்தது என்று. முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் நெடுஞ்சாலை ஓரத்தில் போகிற உயர் அழுத்த மின்கம்பிகள் எல்லாம் வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டே போகுமா? பனி நேரத்தில் பக்கத்தில் போனால் ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வேறு வருகிறது. – ஃபீனிக்ஸ் வாசகி

பதில்: இளைக்காது அம்மா. நம் தென்னாப்பிரிக்காவில் 765 கிலோவோல்ட் வரை போகும் லைன்கள் உண்டு, ஆனால் வோல்ட்டேஜ் எவ்வளவு என்பதில் ஒன்றுமில்லை, எவ்வளவு இடத்தில் அது இறங்குகிறது என்பதுதான் கணக்கு. அந்தக் கம்பிகள் தடிமனானவை, பெரிய லைன்களில் நான்கு ஆறு என்று கட்டுக்கட்டாகவே போகும், மேற்பரப்பில் மின்புலம் மில்லிமீட்டருக்கு இரண்டு கிலோவோல்ட் அளவில் நிற்கிற மாதிரி வேண்டுமென்றேதான் அப்படிக் கட்டுகிறார்கள். டங்ஸ்டனுக்கு வேண்டியது மில்லிமீட்டருக்கு 57,000 கிலோவோல்ட். அங்கே போவதற்கு வெகு முன்னாலேயே, மூன்று கிலோவோல்ட்டில், காற்றே தாங்காமல் கடத்த ஆரம்பித்துவிடும். பனித்துளியோ கடற்காற்றின் உப்போ கம்பியில் ஒட்டியிருந்தால் அந்தத் துளியின் நுனியில் மின்புலம் குவிந்து, சுற்றியுள்ள காற்று அயனியாகிறது. நீங்கள் கேட்ட ஸ்ஸ் அதுதான். உடைவது காற்று, கம்பி அல்ல. அதனால்தான் அந்த மெரிபேங்க் ஐயாவின் பேத்தி செய்கிற வேலைக்கு முதல் தேவையே காற்றை வெளியேற்றிய ஒரு பாத்திரம்.

சுவிட்சின் உள்ளே கருத்துப் பள்ளம் விழுந்திருப்பதும் இதனால் அல்ல, அது ஆர்க்கின் சூடு. கம்பி காணாமல் போவதற்கும் நம் ஊரில் காரணம் வேறு, அதற்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: நான் பரம்பரையாக நகைத்தொழில் செய்கிறவன். உருக்காமல், அமிலம் இல்லாமல் தங்கத்தை அணு அணுவாக எடுத்து இன்னொன்றின் மேல் பூசலாம் என்றால் எங்களுக்குப் பெரிய வசதி. இந்த முறை தங்கத்துக்கு ஒத்து வருமா? – வெருலம் வாசகர்

பதில்: ஒத்து வரும், எல்லா உலோகத்துக்கும் வரும். அலுமினியம் நானோமீட்டருக்கு 19 வோல்ட்டிலேயே கிளம்பிவிடும், செம்பு 30-ல். பிடிப்பு எவ்வளவு இறுக்கமோ, எலக்ட்ரானைப் பிடுங்குவது எவ்வளவு கஷ்டமோ அதைப் பொறுத்தது. ஆனால் கடை திறந்து வியாபாரம் செய்ய முடியாது, ஏன் என்று ஒரு கணக்கு. ஆய்வுக் கருவியில் நொடிக்கு இரண்டாயிரம் அணு எடுக்கிறோம் என்று வையுங்கள், அது மோசமான வேகமில்லை. ஒரு கிராம் தங்கத்தில் இருக்கும் அணுக்கள் மூன்றுக்குப் பின்னால் இருபத்தொரு சைபர். வகுத்துப் பார்த்தால் 4,800 கோடி வருஷம் வருகிறது. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி வருஷம்தான். வாடிக்கையாளர் கல்யாணத் தேதியை இன்னொரு தடவை யோசிக்க வேண்டியிருக்கும்.

வேகமாக எடுக்க ஒரு வழி இருக்கிறது, உருகிய உலோகம். காலியம் என்றொரு உலோகம், 29.8 டிகிரியிலேயே உருகிவிடும், டர்பனில் பிப்ரவரி மாதத்து வெக்கையான நாளில் மேசை மேல் வைத்தாலே போதும். அதை ஓர் ஊசியில் ஈரமாகப் பூசி வோல்ட்டேஜ் கொடுத்தால் மின்புலம் அந்தத் திரவத்தை இழுத்துக் கூரான கூம்பாக்கிவிடும். கூம்பின் நுனியிலிருந்து அணுக்கள் அயனியாகப் போய்க்கொண்டே இருக்கும், போன இடத்தைப் பின்னாலிருந்து வரும் திரவம் நிரப்பிவிடும், முனை மழுங்குகிற பேச்சே இல்லை. ஒன்றிரண்டு மைக்ரோஆம்பியர், அதாவது நொடிக்குப் பத்து லட்சம் கோடி அணு. அந்தக் கற்றையை ஓர் இடத்தில் குவித்து சிப்புகளைக் கீறவும், டங்ஸ்டன் கரைவது போலக் கரைசலில் கரையாத பொருள்களை முனையாகச் செதுக்கவும் பயன்படுத்துகிறார்கள். பூச்சுக்கு உங்கள் முலாம் தொட்டியே போதும் ஐயா, அதை மாற்றாதீர்கள்.

கேள்வி: அணுவைக் கண்ணால் பார்க்க முடியாது என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். ஆனால் 1955-லேயே பார்த்துவிட்டார்கள் என்று எங்கோ படித்தேன். எது சரி? பிடுங்கின அணுக்களை என்ன செய்வார்கள்? – பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவி

பதில்: நீ படித்தது சரிம்மா. ஆசிரியரைக் குறை சொல்லாதே, சாதாரண ஒளியை வைத்துப் பார்க்க முடியாது என்பதைத்தான் அவர் சுருக்கிச் சொல்லியிருப்பார். எர்வின் முல்லர் என்று ஜெர்மனியில் பிறந்த ஓர் இயற்பியலாளர், கூர்முனை வேலையிலேயே வாழ்நாளைக் கழித்தவர், 1951-இல் புல அயனி நுண்ணோக்கியைச் செய்தார். அப்புறம் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே 1955 அக்டோபர் 11-ஆம் தேதி, அவரும் அவருடைய மாணவர் கன்வர் பகதூரும் டங்ஸ்டன் முனையைக் கடுமையாகக் குளிரூட்டிப் பார்த்தபோது, திரையில் அணுக்கள் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிந்தன. கன்வர் பகதூர் இந்தியாவிலிருந்து போனவர். அணுக்களைத் தனித்தனியாக முதலில் பார்த்த இரண்டு பேரில் ஒருவர் நம் பக்கத்து ஆள் என்பது நம் வீடுகளில் யாருக்கும் தெரியாது, கிரிக்கெட் ஸ்கோர் மட்டும் 1955 வரைக்கும் தெரியும்.

எப்படிப் பார்த்தார்கள்? பாத்திரத்தில் துளியூண்டு ஹீலியம் வாயு விடுவார்கள். துருத்தி நிற்கும் ஒவ்வோர் உலோக அணுவுக்கும் மேலே ஹீலியம் ஓர் எலக்ட்ரானை இழந்து அயனியாகி, முனையிலிருந்து விரிந்து பறந்து திரையில் விழும். முனை ஆரம் 50 நானோமீட்டர், திரை பத்து சென்டிமீட்டர் தள்ளி, ஆக பத்து லட்சம் மடங்குக்கு மேல் பெரிதாகிவிடுகிறது, லென்ஸே இல்லாமல். இதில் ஓர் அழகு உண்டு. ஹீலியம் நல்ல படம் தருவது நானோமீட்டருக்கு 44 வோல்ட்டில், டங்ஸ்டன் பிய்த்துக்கொண்டு போவது 57-இல். நடுவே இடைவெளி இருப்பதால் டங்ஸ்டன் அசையாமல் உட்கார்ந்து போஸ் கொடுத்தது. அலுமினியத்தை வைத்து ஆரம்பித்திருந்தால் படம் தெரிவதற்கு வெகு முன்னாலேயே முனை கரைந்து காணாமல் போயிருக்கும்.

பிடுங்கின அணுக்களைத்தான் 1967-இல் முல்லரும் கூட இருந்தவர்களும் அடுத்த வேலைக்குப் பயன்படுத்தினார்கள். அணு ஆய்வி என்று சொல்லலாம். மின்புலத்தைக் கிளம்புகிற எல்லைக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டு, கண நேரத்துக்கு ஒரு சின்ன வோல்ட்டேஜ் துடிப்பைச் சேர்த்துக் கொடுப்பார்கள். கிளம்பிய நேரம் தெரியும், போய்ச் சேர்ந்த நேரமும் தெரியும். கனமான அணு மெதுவாகப் போகும், லேசானது வேகமாகப் போகும், ஆகவே நேரத்தை வைத்தே அது என்ன அணு என்று சொல்லிவிடலாம். 182, 183, 184, 186 என்று டங்ஸ்டனுக்கு உள்ளேயே இருக்கும் எடை வித்தியாசங்கள்கூடத் தெரியும். வேகம் என்றால் எவ்வளவு? மூன்று எலக்ட்ரான் இழந்த டங்ஸ்டன் அணு பத்தாயிரம் வோல்ட்டில் நொடிக்கு 177 கிலோமீட்டர் போகும். உங்கள் ஊரிலிருந்து டர்பன் கடற்கரைக்கு அரை நொடி. பத்து சென்டிமீட்டரைக் கடக்க ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருக்கிறதே, அதில் பாதிக்குச் சற்று மேல்தான் ஆகும், அதை அளக்கத்தான் அவ்வளவு மெனக்கெடல்.

இன்றைய கருவிகளில் அணு விழுந்த இடமும் பதிவாகிறது. ஓரத்திலிருந்து, மேலிருந்து கீழாக, வரிசை தப்பாமல் அணுக்கள் கழன்று வருவதால், விழுந்த இடத்தையும் வந்த வரிசையையும் வைத்துக் கணினி அந்த முனையை மறுபடி கட்டிக் காட்டிவிடும். நூற்றுக்கு எண்பது வரை பிடிக்கும் கருவிகள் உண்டு, மிச்சம் தவறிப்போகும். முனை அழிந்துபோகும்தான், வீட்டைச் செங்கல் செங்கலாகக் கழற்றி ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதி வைக்கிற மாதிரி. மின்சாரம் கடத்தாத கற்களுக்கு வோல்ட்டேஜ் துடிப்பு முனை வரை போய்ச் சேராது, அதனால் லேசர் துடிப்பால் கண நேரம் சூடேற்றிக் கிளப்புவார்கள். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சிர்கான் என்ற கனிமத்தின் ஒரு சின்ன மணியின் வயது சுமார் 440 கோடி வருஷம் என்பதில் ஒரு சந்தேகம் இருந்தது, வயதைக் கணக்கிட எண்ணுகிற, உள்ளே இருக்கும் ஈய அணுக்கள் இடம் மாறிக் கணக்கைக் கெடுத்திருக்குமோ என்று. 2014-இல் இந்த முறையில் ஈய அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, அவை நகர்ந்த தூரம் வெறும் நானோமீட்டர் கணக்குதான், வயது சரிதான் என்று முடிவு செய்தார்கள். நம் கூபெர்க்கில் இருப்பது போன்ற அணு உலைகளின் எஃகுப் பாத்திரம், நியூட்ரான் அடி வாங்கி வாங்கி ஏன் உடையக்கூடியதாக மாறுகிறது என்பதற்கும், எஃகுக்குள் செம்பு அணுக்கள் சின்னச் சின்னக் கூட்டமாகச் சேருவதை இந்தக் கருவி காட்டியிருக்கிறது.

கேள்வி: எங்கள் தாத்தா வீட்டுக் கராஜில் டங்ஸ்டன் குச்சிகள் நிறைய இருக்கின்றன. நானும் செய்து பார்க்கலாமா? – சாட்ஸ்வொர்த், வயது 15

பதில்: வேண்டாம் தம்பி. பத்தாயிரம் வோல்ட் உன்னை இரண்டாம் தடவை யோசிக்க விடாது. அது ஒருபுறம் இருக்க, காற்றழுத்தத்தை லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இறக்க வேண்டும், கராஜில் அது நடக்காது. காஸ்டிக் சோடாவில் கம்பியைக் கூராக்கும் முதல் பாதியை மட்டும் பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் பக்கத்தில் நிற்க, கண்ணாடி மாட்டிக்கொண்டு செய்யலாம். ஆனால் தாத்தாவின் குச்சிகளை எடுக்காதே. முனையில் சிவப்புப் பட்டை இருந்தால் அதில் தோரியம் கலந்திருக்கிறது, அது கதிரியக்கப் பொருள், கையில் பிடிப்பதால் பெரிய கெடுதல் இல்லை என்றாலும் தேய்க்கும்போது வரும் தூசி நெஞ்சுக்குள் போகக் கூடாது. பச்சைப் பட்டை இருந்தால் சுத்த டங்ஸ்டன். தாத்தா மாஸ்க் போடாமல் சிவப்புக் குச்சியைத் தேய்த்துக்கொண்டிருந்தால் இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டு.